ஊர்க்குரலை இணையப் பக்கத்தில் ஏற்றுவது எப்படி

அறுத்த நெல்லைச் சூடு மிதித்துப் போரடிக்கும்போது பாடும் பொலிப்பாட்டின் வரிகளை யாரும் தட்டச்சு செய்துவிடலாம். சூடு மிதிக்கும் எருமைகளின் நடைக்கு ஏற்ப அந்தப் பாட்டு இழுபடுவதையும், மூச்சு முடிகிற இடத்தில் பாடுபவர் அடுத்த வரியை எட்டிப் பிடிப்பதையும் தட்டச்சில் கொண்டுவர முடியாது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் சூடு மிதிப்பது இப்போது இயந்திரத்தின் வேலை. வயலில் அந்தப் பாட்டுக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. பாடத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருவராக எஞ்சியிருக்கிறார்கள். எங்கள் ஊர்களைப் பற்றி இணையத்தில் எழுதும் பிள்ளைகள் படங்களைப் போடுகிறார்கள், பாடல் வரிகளைப் போடுகிறார்கள், பாடியவரின் குரலைப் போடுவதில்லை. ஏன் என்று கேட்டால், அதெல்லாம் தெரிந்தவர்கள் செய்யும் வேலை என்கிறார்கள். கைத்தொலைபேசியும் ஒரு பழைய கணினியும் இருந்தால் அவர்களே செய்துவிடலாம்.

தம்பிலுவிலில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது எங்கள் குடும்பத் தொழில். கோயில் சடங்கு, கல்யாணம், கூத்துக் களரி, மரண வீடு என்று எல்லா இடங்களிலும் ஒலிவாங்கியோடு நின்றிருக்கிறேன். ஊரின் இணையத்தளத்தில் வரும் இடுகைகளுக்கு ஒலிப்பதிவு சேர்க்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. இந்த வேலையில் நான் உறுதியாக நம்புவது ஒன்று: பாடுபவரின் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே உள்ள அந்த ஒரு சாண் தூரத்திலேயே பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடுகிறது. அங்கே கெட்டது கணினியில் திருந்தாது. அதனால் கணினிக்குப் போக முன்னர் அந்த ஒரு சாணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடமும் நேரமும்

முதலில் வீட்டைக் காதால் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நின்றால், அதுவரை காதில் விழாதவை எல்லாம் விழும். குளிர்சாதனப் பெட்டியின் முனகல், மேலே சுற்றும் மின்விசிறி, தென்னோலை தகரக் கூரையில் உராயும் சத்தம், பக்கத்து வளவில் கோழி. எங்கள் மூளை இவற்றைத் தானாகவே ஒதுக்கிவிடும். ஒலிவாங்கிக்கு அந்தப் பழக்கம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றுங்கள், திரும்ப மாட்ட மறக்காமல் இருக்க உங்கள் வண்டிச் சாவியை அதன் மேல் வைத்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வைகாசி, ஆனியில் அது வயதானவர்களுக்குப் பெரிய கொடுமை. ஆகவே ஐந்து நிமிடம் பதிவு, பிறகு மின்விசிறியைப் போட்டுத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து ஓய்வு, மீண்டும் ஐந்து நிமிடம் என்று போவதே நல்லது.

விறாந்தையில் உட்கார்ந்து பதிவு செய்ய எல்லோருக்கும் ஆசை. வெளிச்சம் உண்டு, காற்று உண்டு, பழகிய இடம். ஆனால் சீமெந்துத் தரையும் வெறும் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும். தெருவில் போகும் மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் பாட்டுக்குள் புகும். உள்ளறைதான் ஏற்ற இடம். கட்டில், மெத்தை, உடுப்பு நிறைந்த அலுமாரி, தரையில் பாய் உள்ள சின்ன அறை கிடைத்தால் அதைவிட நல்ல ஒலிப்பதிவுக் கூடம் ஊரில் இல்லை. அலுமாரிக் கதவைத் திறந்துவைத்துப் பாடுபவரை அதைப் பார்த்தபடி உட்காரவையுங்கள். தொங்கும் சேலைகள் எதிரொலியை விழுங்கிவிடும்.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து உள்ள கரையோரம் இது. பாங்கு எப்போது, கோயில் மணி எப்போது, பாண் முச்சக்கரவண்டி தன் மெட்டோடு எந்த ஒழுங்கையில் எப்போது நுழையும் என்பதெல்லாம் ஊர்க்காரருக்குத் தெரியும். அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தைப் பிடியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகலை விட்டுவிடுங்கள். அந்தக் காற்று யன்னலின் எந்த இடுக்காலும் ஊளையிடும். மாரியில் தகரக் கூரை வீட்டுக்கே போகாதீர்கள்.

கடற்சத்தம் வேறு விஷயம். திருக்கோவில், தம்பிலுவில் பக்கம் கடலை நிறுத்த முடியாது, கடலைப் பார்த்த யன்னலை மட்டும் சாத்தலாம். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பதிவதானால் யன்னலே வேண்டாம், கரைக்கே போங்கள். அந்தப் பாட்டில் அலை இருக்க வேண்டும். காற்று மட்டும் ஒலிவாங்கியில் நேராக மோதக் கூடாது. உங்கள் முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்று, தொலைபேசியின் கீழ் விளிம்பில் மெல்லிய பஞ்சை ஒற்றை அடுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு சாண்

பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் பேசுவதற்கான ஒலிவாங்கி கீழ் விளிம்பில், சார்ஜ் ஏற்றும் துளைக்கு அருகே ஊசித் துளையாக இருக்கும். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். விரல் அதை மூடினாலும், உறை அதை மறைத்தாலும், குரல் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். தொலைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். அழைப்பு வந்து குழப்பாது, சிக்னல் தேடும் இரைச்சலும் பதிவில் ஏறாது. மேசையில் வெறுமனே வைக்காதீர்கள், மேசையில் கை பட்டால் அது இடியாக விழும். நான்காக மடித்த துவாய் ஒன்றின் மேல் வையுங்கள்.

தூரம் ஒரு சாண். ஆனால் வாய்க்கு நேர் எதிரே வைக்கக் கூடாது. பொலிப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். அது 'பொலி' என்று தொடங்கும். உள்ளங்கையை வாய்க்கு முன்னே பிடித்து அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தில் ஒரு காற்று கையில் மோதுகிறதல்லவா? அந்தக் காற்றுதான் ஒலிவாங்கியில் 'டொப்' என்று விழுந்து பாட்டின் முதல் அடியைக் கெடுக்கிறது. இப்போது கையை மெல்லக் கன்னத்துப் பக்கமாக நகர்த்துங்கள். வாயின் ஓரத்தைத் தாண்டியதும் காற்று நின்றுவிடும், குரல் மட்டும் தொடர்ந்து கேட்கும். அந்த இடம்தான் உங்கள் ஒலிவாங்கியின் இடம்: வாய் ஓரத்துக்கு நேராக, நாடி உயரத்தில், ஒரு சாண் தள்ளி. மேடையில் அறிவிப்பாளர்களுக்கும் நான் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

தொலைபேசியின் ஒலிப்பதிவுச் செயலியின் அமைப்பில், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் வடிவம் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் உள்ளவற்றில் உயர்ந்த தரத்தை. ஐபோனின் குரல் குறிப்புச் செயலிக்கு அமைப்புகளில் 'லொஸ்லெஸ்' என்ற தெரிவு உண்டு. வேவ் கோப்பு மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபைட் பிடிக்கும். அரை மணி நேரத்துக்கு 160 வரை போகும், ஆகவே போக முன்னர் தொலைபேசியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாடத் தொடங்க முன்னர் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, பத்து செக்கன் வெறும் அறையைப் பதிவுசெய்யுங்கள். கணினியில் அது தேவைப்படும். பிறகு பாட்டில் மிக உயர்ந்து வரும் இடத்தை ஒருமுறை பாடச் சொல்லிச் சோதியுங்கள். மெதுவான இடத்தை வைத்துச் சோதித்தால், உச்சத்துக்குப் போகும்போது அளவு சிவப்பைத் தொட்டு ஒலி கிழிந்துவிடும். கிழிந்த ஒலியை எந்த மென்பொருளும் தைக்காது.

கூத்து என்றால் கதை மாறுகிறது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தை அடித்துக்கொண்டே பாடுவார், பின்னால் பிற்பாட்டுக்காரர், முன்னால் சதங்கை. ஒரு சாண் தூரத்தில் வைத்தால் மத்தளம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஐந்தாறு அடி தள்ளி, அண்ணாவியாரின் தலை உயரத்தில், பிற்பாட்டுக்காரர் நிற்கும் பக்கமாகச் சாய்த்து வையுங்கள். இரண்டு தொலைபேசிகள் இருந்தால் ஒன்றை அண்ணாவியாருக்கும் மற்றதை ஆடுபவர்களுக்கும் வைத்து, தொடங்கும்போது ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். கணினியில் இரண்டு பதிவுகளையும் அந்தக் கைதட்டலில் பொருத்திவிடலாம். களரியில் ஒலிபெருக்கி கட்டியிருந்தால் குழாய்க்கு முன்னால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். குழாய் ஒலிபெருக்கி தூரத்துக்குக் கேட்கச் செய்யப்பட்டது. குரலின் அடியையும் நுனியையும் அது வெட்டிவிடும். ஒலிபெருக்கிக்காரரிடம் போய் மிக்சரிலிருந்து நேராக ஒரு வயர் கேளுங்கள். எங்களைப் போன்றவர்கள் மகிழ்ச்சியோடு தருவோம். எங்களிடம் யாரும் கேட்பதில்லை, அதுதான் குறை.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் பதிவுசெய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கல்லடிப் பாலத்தில் நின்று தொலைபேசியை நீட்டினால் பாலத்தில் போகும் வாகனங்கள்தான் கிடைக்கும். நீருக்குள் எழும் ஒலியின் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் மேலே காற்றுக்கு வருகிறது, மீதி நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பிவிடுகிறது. மீனவர்கள் தோணியிலிருந்து துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது இதனால்தான். பதிவுக்கு நீரடி ஒலிவாங்கி வேண்டும்.

பேசவைப்பதும் அனுமதி கேட்பதும்

தொலைபேசியை முன்னால் வைத்ததும் பெரியவர்கள் பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு நிற்பதுபோல் விறைத்துவிடுவார்கள். தாலாட்டுப் பாடச் சொன்னால் இரண்டு வரியோடு நிறுத்திவிட்டு, இவ்வளவுதான் தெரியும் என்பார்கள். எங்கள் பெரியம்மா ஒருவர் அப்படித்தான் இருந்தார். பேத்தியின் கைக்குழந்தையை மடியில் கொடுத்துவிட்டு, வேறு எதையோ பேசிக்கொண்டு, பதிவை ஓடவிட்டோம். குழந்தை சிணுங்கத் தொடங்கியதும் காலை நீட்டி ஆட்டிக்கொண்டே தானாகப் பாடினார். நாங்கள் கேட்டிராத அடிகள் எல்லாம் வந்தன. பாட்டுக்கு அதன் வேலையைக் கொடுங்கள். நெல்லுக் குத்தும் பாட்டுக்கு உலக்கையைக் கையில் கொடுங்கள், வெறும் உரலானாலும் பரவாயில்லை.

பதிவு ஓடவிட்டது பெரியம்மாவுக்குத் தெரியும். தெரியாமல் யாருடைய குரலையும் எடுக்காதீர்கள். எடுத்தது வேறு, இணையத்தில் போடுவது வேறு. இரண்டுக்கும் தனித்தனியே கேளுங்கள். நான் முடிவில் அந்தப் பதிவிலேயே கேட்டுவிடுவேன்: "பெரியம்மா, இதைக் கனடாவில் இருப்பவர்களும் கேட்பார்கள், முன்பின் தெரியாதவர்களும் கேட்பார்கள், போடலாமா?" அவர் தன் குரலில் சொல்லும் பதில் கடதாசியில் வாங்கும் கையெழுத்தைவிடத் தெளிவானது. பெயரைப் போடலாமா, ஊரை மட்டும் போடலாமா என்றும் கேளுங்கள். போட்ட பிறகு மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி எடுங்கள்.

கண்ணகி அம்மன் சடங்குப் பாடல்களில் இன்னும் கவனம் வேண்டும். வைகாசிக் குளிர்த்தியில் பாடப்படுவதைக் கோயிலுக்கு வெளியே ஒலிக்கவிடக் கூடாது என்று கருதுபவர்கள் இருக்கிறார்கள். பூசை செய்யும் கட்டாடியாரிடமும் கோயில் நிருவாகத்திடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் பதிவை ஊருக்குள் பாதுகாப்பாக வையுங்கள், இணையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. பணம் சம்பாதிக்கும் நோக்கில் அவற்றைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. எங்கள் பகுதியில் எந்தப் பாட்டைக் கேட்கப் போனாலும் பேச்சு ஒரு கட்டத்தில் யுத்தத்துக்கோ, 2004 டிசம்பர் 26க்கோ போய்விடும். காணாமல் போன பிள்ளையைப் பற்றி ஒரு தாய் பேசத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்தாதீர்கள். பேசி முடிக்கட்டும். ஆனால் அந்தப் பகுதி அவருடையது. கோப்பிலிருந்து அதைத் தனியே பிரித்து அவர் குடும்பத்திடம் கொடுங்கள். பாட்டுக்குத் தந்த அனுமதி அதற்குச் செல்லாது.

கணினியில்

ஓடாசிட்டி என்ற மென்பொருள் போதும். 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது, பழைய கணினியிலும் ஓடும். ஐபோனிலிருந்து வரும் எம்.4.ஏ. கோப்பை அது திறக்க மறுத்தால், எப்.எப்.எம்பெக் என்ற துணைநூலகத்தையும் நிறுவ வேண்டும். முதல் வேலை, மூலக் கோப்பை அப்படியே பிரதி எடுத்து வைப்பது. திருத்தம் எல்லாம் பிரதியில்தான். சுனாமியில் எங்கள் கரையோர வீடுகளில் ஒளிப்படங்களோடு ஒலிநாடாக்களும் உப்புத் தண்ணீரில் போயின. கூத்து, சடங்கு, கல்யாணம் என்று எத்தனை குரல்கள் அவற்றில் இருந்தன. மூலக் கோப்பு ஒன்று கணினியிலும், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கிலும், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் இருக்கட்டும்.

தொடக்கத்தில் பதிவுசெய்த அந்தப் பத்து செக்கன் வெறுமையைத் தெரிவுசெய்து, எஃபெக்ட் பட்டியலில் நொய்ஸ் ரிடக்ஷனைத் திறந்து, கெட் நொய்ஸ் புரொபைல் என்பதை அழுத்துங்கள். அந்த அறையின் இரைச்சல் எப்படிப்பட்டது என்று மென்பொருள் தெரிந்துகொள்ளும். பிறகு முழுப் பதிவையும் தெரிவுசெய்து அதே பெட்டியைத் திறந்து ஓகே கொடுங்கள். குறைக்கும் அளவை நான் 6 டெசிபெல்லில் வைப்பேன். கூட்டினால் இரைச்சலோடு குரலின் சதையும் போய்விடும், பெரியம்மா கிணற்றுக்குள் இருந்து பாடுவார். கொஞ்சம் இரைச்சல் இருப்பதில் தவறில்லை. தனிக்குரலுக்கு ஹை பாஸ் பில்டரை 80 ஹேர்ட்ஸில் வைத்தால் அடியில் கிடக்கும் உறுமல் போய்விடும். மத்தளம் உள்ள பதிவில் அதைத் தொடாதீர்கள், மத்தளத்தின் அடியும் அங்கேதான் இருக்கிறது.

வெட்டுவதில் கைக்கட்டுப்பாடு வேண்டும். தொடக்கத்தில் அரைச் செக்கனும் முடிவில் இரண்டு செக்கனும் விட்டு வெட்டுங்கள். நடுவில் இருமல் வந்தால், வரியை மறந்து யோசித்தால், பக்கத்தில் ஒருவர் அடியெடுத்துக் கொடுத்தால், எல்லாம் அப்படியே இருக்கட்டும். பாட்டு எப்படி நினைவில் வாழ்கிறது என்பதைக் கேட்பவர் அங்கேதான் தெரிந்துகொள்கிறார். வீட்டு இலக்கம், தொலைபேசி எண், அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிய பேச்சு ஆகியவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பல பதிவுகள் உள்ள தளத்தில் ஒன்று முணுமுணுக்க, அடுத்தது கத்தக் கூடாது. லவுட்னஸ் நோர்மலைசேஷனில் மைனஸ் 16 என்று கொடுங்கள், மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் கட்டத்தில் சரி அடையாளம் இருக்கட்டும். எல்லாப் பதிவுகளும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

இனிக் கோப்பைச் சின்னதாக்க வேண்டும். இரண்டு தடங்கள் கொண்ட ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்கு மேல். பத்து நிமிடப் பதிவு நூறைத் தாண்டும். முற்கொடுப்பனவு டேட்டாவில் கேட்கும் ஊர்க்காரருக்கு அது அநியாயம். எம்.பி.3 ஆக, மோனோவில், மாறாத வேகத்தில், செக்கனுக்கு 64 கிலோபிட் என்று ஏற்றுமதி செய்யுங்கள். நிமிடம் 480 கிலோபைட்தான் வரும். பத்து நிமிடம் 5 மெகாபைட்டுக்குள் அடங்கும். பேச்சுக்கும் தனிப்பாட்டுக்கும் இது தாராளம். கூத்துக்கு 128 கொடுங்கள், இல்லாவிட்டால் தாளமும் சதங்கையும் மணலாக உதிரும். எம்.பி.3ஐவிடச் சிக்கனமான புதிய வடிவங்கள் இருக்கின்றன. ஆனாலும் எந்தப் பழைய தொலைபேசியிலும் எந்த உலாவியிலும் ஓடுவது இதுதான். வெளிநாட்டு உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்பதிவுகள் ஓபஸ் என்ற வடிவில், ஏற்கெனவே மிகவும் சுருக்கப்பட்டு வரும். அவற்றையும் எம்.பி.3 ஆக மாற்றியே போடுங்கள். இனிமேல் அனுப்புபவர்களிடம், தொலைபேசியின் ஒலிப்பதிவுச் செயலியில் பதிந்து ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

பெயர் வைப்பது

கோப்பின் பெயரைத் தமிழில் வைக்கத்தான் எனக்கும் விருப்பம். ஆனால் இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக எழுதப்படும். 'குளிர்த்தி' என்பதில் கணினி காண்பவை க, உகரக் குறி, ள, இகரக் குறி, ர, புள்ளி, த, புள்ளி, த, இகரக் குறி என்று 10 குறிகள். முகவரியில் அது 90 எழுத்தாக நீண்டுவிடும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது இணைப்பு உடையும், தளத்தை வேறு வழங்கிக்கு, அதாவது தளத்தின் கோப்புகள் இருக்கும் வேறு கணினிக்கு, மாற்றும்போது கோப்பே காணாமல் போகலாம். ஆகவே ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் இலக்கங்களும் சிறு கோடும் மட்டும் கொண்டு ஊர், பாட்டின் வகை, ஆண்டு, மாதம் என்ற ஒழுங்கில் வையுங்கள். தமிழ்ப் பெயரைக் கோப்பின் உள்விபரத்தில் தலைப்பாகவும், இடுகையிலும் எழுதலாம், அங்கே எந்தச் சிக்கலும் இல்லை.

ஏற்றுவது

வேர்ட்பிரஸ் தளமானால் வேலை சுலபம். மீடியா பகுதியில் புதிய கோப்பு சேர்க்கும் பக்கத்தைத் திறந்தால், அதிகபட்சம் எவ்வளவு பெரிய கோப்பை ஏற்கும் என்று கீழே எழுதியிருக்கும். சில வழங்கிகளில் அது 2 மெகாபைட்தான். 64 கிலோபிட்டில் அது நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். போதாவிட்டால் வழங்கி நிறுவனத்திடம் கூட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள். பிறகு இடுகையில் குரல் வர வேண்டிய இடத்தில் கூட்டல் குறியை அழுத்தி, ஓடியோ பிளாக்கைத் தெரிவுசெய்து, கோப்பை ஏற்றுங்கள். இயக்கும் பொத்தானோடு பட்டை ஒன்று தோன்றும்.

வலப்பக்க அமைப்புகளில் இரண்டைக் கவனியுங்கள். ஓட்டோபிளே அணைந்தே இருக்கட்டும். மரண வீட்டிலோ பஸ்ஸிலோ இருப்பவரின் தொலைபேசி திடீரென்று பாடக் கூடாது. குரோம் உலாவியும் 2018 ஏப்ரலில் இருந்து கேட்காமல் ஒலிப்பதைத் தடுத்துவிடுகிறது. பிரீலோட் என்ற இடத்தில் 'None' (எதுவும் வேண்டாம்) என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அப்போதுதான் வாசிக்க மட்டும் வந்தவரின் டேட்டா செலவாகாது, அழுத்தியவருக்கு மட்டும் கோப்பு இறங்கும். எச்.டி.எம்.எல்.ஐக் கையால் எழுதுபவர்கள் ஓடியோ குறிச்சொல்லுக்குள் கன்ட்ரோல்ஸ் என்பதைச் சேர்க்க மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் பக்கத்தில் எதுவுமே தெரியாது.

புளொக்கரில் எழுதுபவர்கள் ஒலிக்கோப்பை அங்கேயே ஏற்ற முடியாது. அவர்களுக்கு நான் சொல்வது இன்டர்நெட் ஆர்கைவ். 1996இல் தொடங்கிய, இலாப நோக்கற்ற இணைய நூலகம் அது. இலவசக் கணக்குத் திறந்து கோப்பை ஏற்றினால், பகிரும் பொத்தானில் உட்பொதிக்கும் குறிமுறை கிடைக்கும். அதைப் பிரதி எடுத்து, இடுகையின் எச்.டி.எம்.எல். பார்வைக்குப் போய் ஒட்டுங்கள். ஏற்றும்போது சோதனைக் கோப்பு என்று குறித்துவிடாதீர்கள், அப்படிக் குறித்தவை 30 நாளில் அழிக்கப்படும். அங்கே போவது உலகம் முழுவதற்கும் திறந்திருக்கும் என்பதையும் பாடியவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கூகுள் டிரைவ் இணைப்பைப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். கேட்பவரை வேறு பக்கத்துக்கு இழுத்துச் செல்லும், அனுமதி அமைப்பு மாறினால் ஒலியும் நின்றுவிடும்.

குரலுக்குக் கீழே எழுத்து

வெறும் பட்டையை மட்டும் போட்டுவிட்டுப் போகும் இடுகைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பட்டைக்கு மேலே இரண்டு வரி: யார், எந்த ஊர், எந்த வேலையின்போது பாடும் பாட்டு. பட்டைக்கு அடியில் நீளமும் அளவும்: "4 நிமிடம் 10 செக்கன், 2 மெகாபைட்". டேட்டா குறைவாக உள்ளவர் பார்த்து முடிவெடுப்பார். அதற்குக் கீழே முழுப் பாட்டையும் எழுதுங்கள். காது கேளாதவருக்கு வேறு வழியே இல்லை. 2008இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டிகளின் அடிப்படை நிலையிலேயே ஒலிக்கு எழுத்து வடிவம் கேட்கப்பட்டிருக்கிறது. தேடுபொறியில் ஒரு வரியைத் தட்டித் தேடும் பிள்ளைக்கும் இந்த எழுத்துத்தான் வாசல்.

எழுதும்போது அவர் பாடியபடியே எழுதுங்கள். அச்சில் வந்த வேறு பாடத்தைப் பார்த்துத் 'திருத்த' வேண்டாம். ஊருக்கு ஊர் அடி மாறும், அந்த மாற்றத்துக்காகத்தான் பதிவே செய்கிறோம். விளங்காத சொல்லை விளங்கவில்லை என்று அடைப்புக்குறிக்குள் நிமிடத்தோடு குறித்துவிடுங்கள்: "1.20இல் தெளிவில்லை". களுவாஞ்சிக்குடியிலிருந்தோ காரைதீவிலிருந்தோ அந்தச் சொல் தெரிந்த ஒருவர் எழுதி அனுப்புவார். எங்களுக்கு அப்படிப் பல சொற்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

வெளியிட்டதும் வைபை இல்லாமல், வீட்டில் உள்ளவற்றிலேயே பழைய தொலைபேசியில், சிக்னல் குறைந்த இடத்தில் நின்று கேளுங்கள். அழுத்தியதும் ஒலிக்கிறதா, நடுவுக்குத் தாவ முடிகிறதா, இயர்போன் இல்லாமல் சின்ன ஒலிபெருக்கியில் சொற்கள் பிரிந்து கேட்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டில் ஒருவரையும் ஐபோனில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பாடியவருக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் அப்போதுதான் அவர் விட்டுப்போன அடியை நினைவுபடுத்துவார். தொலைபேசி கையில் தயாராக இருக்கட்டும். திருத்திய கோப்பைப் பழைய பெயரிலேயே ஏற்றாதீர்கள். முன்பு கேட்டவர்களின் உலாவி பழையதையே சேமித்துவைத்து ஓட்டும். பெயரின் முடிவில் 2 என்று சேர்த்து ஏற்றி, இடுகையில் இணைப்பை மாற்றி, எழுத்து வடிவத்திலும் அந்த அடியைச் சேர்த்துவிடுங்கள்.